பொறியும் அவையும்



பத்தாண்டு நிறைவு காணும் தமிழவையில் கணிப்பொறிக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கக்கூடும். பொறியின் கதையைவிட, அதனைச் சூழ்ந்து கூடிய மனிதர்களின் கதையே இங்கு உரைக்கத்தக்கது.

இந்தியாவில் வடிவமைத்து உருவாக்கப்பெற்ற முதல் முழுமையான எண்முறைக் கணிப்பொறி டிஃப்ராக். மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960ஆம் ஆண்டு அது முழு அளவில் இயங்கத் தொடங்கியது. 1962இல் நேரு அதற்குப் பெயர் சூட்டினார். அதனை ஆக்கிய குழுவின் தலைவர் 1926இல் சென்னையில் பிறந்த இரா. நரசிம்மன். ஏறத்தாழ 2,700 வால்வுகள் கொண்ட அப்பெரும் பொறியின் நினைவகம் 2,048 சொற்களையே தாங்கியது. ஆம், பொறியியலாரும் அதனைச் ‘சொல்’ என்றே வழங்குவர். ஒவ்வொரு சொல்லும் 40 இரும இலக்கங்களால் ஆனது. வெண்பாப் புலவனுக்குச் சீரும் தளையும் போல, நிரல் எழுதுவோருக்கு அவ்வெல்லை அமைந்தது. சொற்சுருக்கம் அங்கே அழகு மட்டுமன்று, கட்டாயமும் ஆகும்.

இதற்கு முன்னரே அமெரிக்காவில் வேறொரு சிக்கல் எழுந்திருந்தது. ஐ.பி.எம். 704 பொறியை வாங்க முனைந்த நிறுவனங்கள் ஒரே வகைக் கணக்கிற்குரிய நிரல்களைத் தனித்தனியே எழுதி உழைப்பை வீணாக்கின. 1955 ஆகஸ்டில் அவற்றின் வல்லுநர்கள் கலிபோர்னியாவில் கூடினர். வானூர்தித் தொழிலில் ஒருவருக்கொருவர் போட்டியாளராய் இருந்தோரும் அக்கூட்டத்தில் இருந்தனர். தாம் எழுதியதைப் பிறர்க்கு ஈவது என முடிவு செய்து, தம் அமைப்பிற்கு ‘ஷேர்’, அதாவது பகிர்தல் எனும் பொருள்தரும் பெயரையே இட்டனர்.

இந்தியாவிலும் கணிப்பொறிப் பயனாளர் சிலரின் கூட்டமே 1965இல் இந்தியக் கணினிச் சங்கமாக மலர்ந்தது. அதன் முதல் தலைவரும் நரசிம்மனே.

ஐ.பி.எம். 704 பழம்பொருளாயிற்று. டிஃப்ராக் 1960களின் நடுவிலேயே ஓய்வு பெற்றது. ஆயின் ஷேரும் சங்கமும் இன்றும் வாழ்கின்றன. பொறி தேயும், பகிர்வோர் அவை நிலைக்கும்.

திருவண்ணாமலையார்க்கு இவ்வுண்மை புதிதன்று. கார்த்திகைத் தீபக் கொப்பரையை நிறைப்பது ஒருவர் வீட்டு நெய்யன்று. பலர் அளித்த நெய். எவருடைய நெய் எரிகிறது என்று சுடரைக் கண்டு எவரும் கூறவியலாது.

இலக்கிய வட்டத்திற்கும் அதுவே அளவுகோல். முடிந்த கவிதைக்குக் கைதட்டுவது எளிது. முடியாத கவிதையை அவைமுன் வைப்பதும், அதன் குறையை அன்போடு சுட்டுவதும், சுட்டியதை ஏற்பதும் அரியன. அவ்வழக்கம் நின்றுபோகும் நாளில், விழாக்கள் தொடர்ந்தாலும் வட்டம் முடிந்ததென்றே பொருள். அது நில்லாதிருக்கும்வரை பத்தாண்டு என்பது தொடக்கமே.