வளவும் வாவியும்



கல்முனைக்குடியில் எங்கள் உம்மம்மாவின் வளவில் ஒரு முருங்கை மரம் நின்றது. அதன் உயரக் கொப்பொன்றில் வெள்ளைச் சீலைக் கிழிசல் ஒன்று எப்போதும் கட்டியிருக்கும். சுபஹுத் தொழுதுவிட்டு முற்றத்தில் இறங்கியதும் அவர் முதலில் அந்தச் சீலையைத்தான் பார்ப்பார். கடற்பக்கம் பறந்தால் கச்சான். கத்தரி நாற்றுக்கு ஓலை மறைப்புப் போட வேண்டும். ஊர்ப்பக்கம் பறந்தால் கொண்டல். இலையெல்லாம் கடல் உப்புப் படிந்திருக்கும், வெயில் ஏறுமுன் நல்ல தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும். தெற்கே பறந்தால் வாடை. மாரி நெருங்குகிறது, பாத்தியை உயர்த்த வேண்டும். இந்தப் பழக்கத்தை அவர் தன் வாப்பாவின் தோணியில் படித்தார். பாய்மரத்தின் உச்சியில் வாப்பா கட்டியிருந்த சீலைதான் பிறகு முருங்கைக்கு வந்தது.

இன்று நான் பேச வந்தது நம் கரையோரப் பெண்களின் தோட்டக் கலையைப் பற்றி. பெரியநீலாவணையிலிருந்து மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று நீளும் இந்தக் கரையில், கிழக்கே கடலும் மேற்கே வயலும் வாவியும் நெருக்க, இடையில் கிடக்கும் மணல் திட்டில் நம் பெண்கள் மாதுளையும் மருதோன்றியும் தேசியும் பப்பாசியும் வளர்த்தார்கள். அந்தக் கலையின் வேர் காற்றையும் தண்ணீரையும் அறிவதில் இருந்தது. அதே அறிவுதான் கடலோடிக்கும் வேண்டும்.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் தோண்டிய கிணற்றில் குடிக்கத்தக்க தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது? மணலுக்குள் இறங்கிய மழைநீர் கடல்நீரைவிடப் பாரம் குறைந்தது. அதனால் நிலத்துக்குக் கீழே உப்புநீரின் மேல், தோணி மிதப்பதுபோல, நன்னீர் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி உயர்ந்து நின்றால் அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் விஞ்ஞானிகளின் கணக்கு. அந்தக் கணக்கு மறுபக்கமும் வெட்டும். மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரப் பார்க்கும்.

உம்மம்மாவுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. அதன் பலன் தெரியும். "தண்ணியக் கேட்டு அள்ளணும் புள்ள, பறிச்சி அள்ளப்படாது" என்பார். காலையில் இத்தனை வாளி, அசர் தொழுத பிறகு இத்தனை வாளி. இடையில் கிணறு ஊற வேண்டும். மீன் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு, அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, குளித்த தண்ணீர் வாழைக்கு என்று ஒரு பங்கீடு இருந்தது. மீன் செதிலும் தலையும் தென்னையடியில் புதையும். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது என்பதால் குழிக்குள் தேங்காய் மட்டைகளை அடுக்கி, அதன்மேல் ஆட்டுப் புழுக்கையும் சாம்பலும் போட்டுத்தான் எதையும் நடுவார். மட்டை ஊறிய தண்ணீரைக் கோடையில் வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்.

அடுத்தது காற்று. இப்போது நம் ஊர்களில் மதில் எழும்பிவிட்டது. அன்று கிடுகு வேலிதான். தென்னோலையைப் பின்னிக் கிடுகு ஆக்குவதும் பெண்களின் கைவேலையே. கிடுகு வேலி காற்றை முழுவதாக மறிக்காது. சல்லடைபோல வடிகட்டி, வேகத்தைக் குறைத்து உள்ளே விடும். முழுச் சுவரில் மோதும் காற்று மேலேறி, மறுபக்கம் சுழன்று இறங்கிச் செடியை முறிக்கும். காற்று மறைப்புக்கு ஓரளவு இடைவெளி வேண்டும் என்று இன்றைய விவசாய விஞ்ஞானமும் சொல்கிறது. தோணிக்காரர் பலத்த காற்றில் பாயைச் சுருக்கிக்கொள்வார். எதிர்த்து விறைத்து நின்றால் பாய் கிழியும். வேலியின் புத்தியும் பாயின் புத்தியும் ஒன்று.

தமிழில் அந்தச் சொல்லையே பாருங்கள். நாம் விரித்துப் படுப்பதும் பாய், தோணியில் ஏற்றுவதும் பாய். பன் பறித்துக் காயவைத்துச் சாயமிட்டுப் பாய் இழைக்கும் பெண்கள் இந்தக் கரையில் இன்றும் இருக்கிறார்கள். உம்மம்மா சொன்ன கதை ஒன்று உண்டு. கிட்டங்கித் துறையில் ஒரு நாள் வாப்பாவின் சீலைப் பாய் கிழிந்துபோக, பத்து வயதுச் சிறுமியான அவர் தோணியில் கிடந்த பன்பாயைத் தூக்கிக் கட்டினாராம். தோணி அக்கரை சேர்ந்தது.

வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளும் மட்டக்களப்பு வாவியின் தென்கோடியில்தான் கிட்டங்கி இருக்கிறது. மாரிவெள்ளம் வந்தால் கிட்டங்கி வீதி தண்ணீருக்குள் போய்விடும். நாவிதன்வெளிப் பக்கத்து மக்களுக்குக் கல்முனை எட்டாத ஊராகிவிடும். வாப்பாவோடு வயலுக்குப் போய்வந்த நாட்களில் உம்மம்மா தாங்குகோல் ஊன்றவும் துடுப்புப் போடவும் பாய் திருப்பவும் பழகினார். பெரிய பிள்ளையானதும் அந்தப் பயணம் நின்றது. தோணி அவரை விட்டுப் போனது, காற்று போகவில்லை. வெள்ள காலத்தில் பிள்ளைப்பேற்று நோவோடு ஒரு பெண்ணை அக்கரையிலிருந்து கொண்டுவர ஆள் இல்லாதபோது, நாற்பது வயதைத் தாண்டிய அவரே தோணியில் ஏறிப் போனதை ஊரில் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

நேயர்களே, இந்தத் தோட்டங்கள் பெண்களின் கலையாக வளர்ந்ததற்கு ஒரு சமூகக் காரணமும் உண்டு. நம் கிழக்கில், முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும், குடி, அதாவது குலம், தாய்வழியே வருகிறது. கலியாணத்தின்போது வீடும் வளவும் பெண்ணின் பேரில் எழுதப்படுகின்றன. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இந்த வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். நம் கரைப் பெண் மரம் நட்டால் அது தன் மண்ணில் நட்ட மரம். தன் மகளும் மகளின் மகளும் அதன் கீழ் இருப்பார்கள் என்று தெரிந்தவள்தான், காய்க்கப் பல வருடம் எடுக்கும் மரத்தை மணலில் நம்பிக்கையோடு வைப்பாள்.

ஆனால் அதே வழக்கம்தான் தோட்டத்தைச் சுருக்கியும் விட்டது. மூன்று பெண்பிள்ளைகள் என்றால் வளவு மூன்றாகும். பேத்திகள் காலத்தில் ஒன்பதாகும். வீடு கட்டிக் கொடுக்க வாப்பாமாரும் காக்காமாரும் படும் பாடும் நமக்குத் தெரிந்ததே. நெருக்கமான நம் ஊர்களில் இன்று சுவரோடு சுவர் உரசி வீடுகள் நிற்கின்றன.

சுருங்குமுன் அந்த வளவு ஊருக்கு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்கு ரம்பையும் கறிவேப்பிலையும் இந்த வளவுகளிலிருந்து போகும். பெருநாளைக்கு முதல்நாள் மருதோன்றி கொய்ய அடுத்த தெருப் பிள்ளைகள் வருவார்கள். பாண்டிருப்பிலிருந்து வந்து முல்லைக் கன்று வாங்கிப்போன தமிழ்ப் பெண், அடுத்த முறை பொன்னாங்காணித் தண்டு கொண்டுவந்து கொடுப்பார். பிட்டும் தேங்காய்ப்பூவும்போல என்று நாம் மேடையில் சொல்லும் உறவை, மேடையில்லாமல் நட்டு வளர்த்தவர்கள் இந்தப் பெண்கள். இனக் குழப்ப வருடங்களில் அந்தப் போக்குவரத்து நின்றது. நின்றதும் முதலில் வாடியது பூக்கன்றுகள்தான் என்று உம்மம்மா சொல்லி வருந்துவார்.

பிறகு 2004 டிசம்பர் 26. ஒரு ஞாயிறு காலை சுனாமி வந்தது. நம் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மௌத்தானார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இவ்வளவு உயிர்களை இழக்கவில்லை. இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த நம் மாவட்டக் குடும்பங்களிடம் நடத்திய ஆய்வில், ஆண்களைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெண்கள் இறந்திருந்தது தெரியவந்தது. ஆண்பிள்ளைகளுக்கு நீந்தவும் மரமேறவும் பழக்கியிருந்தோம், பெண்பிள்ளைகளுக்குப் பழக்கவில்லை என்று ஒக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் சுட்டிக்காட்டியது. இதைப் படித்த நாளில் எனக்குக் கிட்டங்கியில் தோணி விட்ட அந்தப் பத்து வயதுச் சிறுமிதான் நினைவுக்கு வந்தாள். தண்ணீரை அறிந்த பெண்கள் நம்மிடம் இருந்தார்கள். அந்த அறிவை வேலிக்குள் அடைத்தோம். மகள்மாருக்குப் பாதியைத்தான் கொடுத்தோம்.

உம்மம்மா அதற்கு மூன்று வருடம் முன்பே மௌத்தாகிவிட்டார். முருங்கையும் மாதுளையும் அலையோடு போயின. கிணறு உப்பானது. பலர் இயந்திரம் வைத்துக் கிணறுகளை ஒரேயடியாக இறைத்தார்கள். அப்படி இறைத்தால் கீழுள்ள உப்பும் மேலேறும், அளவோடு இறைத்து மாரிமழை கழுவும்வரை பொறுக்க வேண்டும் என்று பிறகு நீர் நிபுணர்கள் சொன்னார்கள். எங்கள் உம்மா அதற்கு முன்பே இயந்திரத்தை வேண்டாம் என்றுவிட்டார். கேட்டு அள்ளு, பறித்து அள்ளாதே என்ற வீட்டுப் பாடம் அவருக்குப் போதுமாக இருந்தது. இரண்டு மாரி கழிந்தது. தண்ணீர் மெல்லத் தெளிந்தது. முதலில் அகத்தி முளைத்தது.

பெண்ணும் கடலும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சாட்சிகள் சொல்கிறேன். ஒன்று நம் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசல். கடலோடிகளின் காவலராகப் போற்றப்படும் நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பேரில் அங்கே ஆண்டுதோறும் கொடி ஏறும். அந்தக் கொடியைப் பார்க்கப் பெண்களும் அலையோரம் திரண்டு வருவார்கள். மற்றது அண்மைச் செய்தி. இந்தியக் கடற்படையின் தாரிணி என்ற பாய்மரப் படகில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் 2024 ஒக்டோபர் 2ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். படகில் அவர்கள் இருவர் மட்டுமே. உந்துவதற்குக் காற்று மட்டுமே. 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, உலகைச் சுற்றி, 2025 மே 29ஆம் தேதி கரை சேர்ந்தார்கள்.

நம் பிள்ளைகள் எல்லோரும் உலகைச் சுற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது சிறியது. வளவு இல்லையென்றால் உரப்பையிலும் பெயின்ட் வாளியிலும் நடுவோம். மதில் கட்டினாலும் காற்றுக்குக் கொஞ்சம் வழி விடுவோம். கிணற்று இயந்திரத்தை இடைவிட்டுப் போடுவோம். பெண்பிள்ளைகளுக்கு, நம் கண்ணியத்துக்கு ஏற்ற இடமும் நேரமும் ஒதுக்கி, நீந்தவும் தோணி தள்ளவும் பழக்குவோம். நம் பெண்கள் கலையில் ஒரு பாதியை மட்டும் காத்தது போதும்.

எங்கள் வீட்டு மேல்தளத்தில் இப்போது பதினொரு வாளிகளில் கத்தரியும் மிளகாயும் நிற்கின்றன. பக்கத்தில் ஒரு கம்பியில் வெள்ளைச் சீலை கட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் காலையில் என் மகளை வாவிக்குக் கூட்டிப்போகிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் மிதக்கப் பழகிவிட்டாள். போன கிழமை படியேறி வந்து, சீலையை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: "உம்மா, இண்டைக்குக் கொண்டல். இலையக் கழுவோணும்."

கழுவினோம்.