வல்லாரையும் வெறுந்தேத்தண்ணியும்

(பிள்ளைக் காம்பராவில் நடந்த தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய பேச்சு)



முதலில் ஒரு மன்னிப்பு. கூட்டம் என்றால் சாப்பாட்டோடு சேர்த்து ஒரு கோப்பை தேத்தண்ணியும் கொடுப்பதுதான் நம்ம வழக்கம். இன்றைக்கு ரொட்டியும் வல்லாரைச் சம்பலும் மட்டும் தந்திருக்கிறோம். தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் வரும். பின்னால் இருக்கிற அக்கா முகத்தைச் சுளிக்கிறாங்க. காரணத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்க.

வல்லாரை நமக்குப் புதிதல்ல. பீலிக்கரையிலும் கான் ஓரத்திலும் படர்ந்து கிடக்கும். சிங்களத்தில் கொட்டுகொல என்பார்கள். இது மூளைக்கு நல்லது, பிள்ளைகளுக்கு ஞாபகசக்தி தரும் என்று பாட்டிமார் சொல்லுவாங்க. அது முடிவாக நிரூபிக்கப்பட்ட விஷயம் அல்ல. ஆனால் பச்சை இலைக்கறியில் இருக்க வேண்டிய இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, நார்ச்சத்து எல்லாம் இதில் உண்டு. காசு கொடுக்காமல் கிடைக்கிறது என்பதால் நாம் இதை மதிப்பதில்லை.

இரும்புச்சத்து எதற்கு? நம்ம இரத்தம் சிவப்பாக இருப்பதே அதனால்தான். அது குறைந்தால் இரத்தசோகை வரும். மலை ஏறும்போது மூச்சு வாங்கும், தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும், கண்ணின் உள்பக்கம் வெளிறிப்போகும். பெண்களுக்கு 100 மில்லி லீட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக்கூடாது. போன மாதம் ஒரு தங்கச்சி கூடையோடு நிரையிலேயே மயங்கி விழுந்தார். "வெயில் அடிச்சிருச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். இரத்தம் சோதித்த பிறகுதான் காரணம் தெரிந்தது. அவர் கிளினிக்கில் கொடுத்த இரும்புக் குளிசையை ஒழுங்காகத்தான் குடித்திருக்கிறார். ஆனால் தினமும் வெறுந்தேத்தண்ணியோடு விழுங்கியிருக்கிறார்!

இது அவருடைய குற்றம் மட்டுமல்ல, எங்களுடைய குற்றமும்தான். குளிசையைச் சாப்பிடச் சொன்னோம், எதோடு சாப்பிடக்கூடாது என்று சொல்லவில்லை.

தேயிலைச் சாயத்தில் தனின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. கீரை, பருப்பு, மாவு இவற்றில் உள்ள இரும்பை அது பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் சேராமல் போய்விடலாம். தேசிக்காய்ப் புளி இதற்கு நேர்மாறு. அதிலுள்ள விற்றமின் சீ இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். மாசி, கருவாடு, மீன் இவையும் உதவும். இப்போது பாருங்க, வல்லாரைச் சம்பலுக்குத் தேசிக்காயும் மாசியும் போடுகிற பழக்கம் எவ்வளவு நல்ல பழக்கம்! அந்தச் சம்பலைச் சாப்பிட்ட கையோடு சாயத்தைக் குடித்தால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கின கதைதான்.

1979ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அது நம்ம நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில்தான் நடந்தது. இரத்தம் குறைந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தம் கூடியவர்கள் முன்னைவிடக் கூடுதலாகக் கொழுந்து எடுத்தார்கள். நிறை கூடுவதற்காக மட்டும் நாங்கள் இதைச் சொல்லவில்லை. வேலை முடிந்து லயத்துக்கு வந்து அடுப்படியில் நிற்கவும், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சவும் தெம்பு வேண்டாமா?

சரி, சம்பல் செய்யும் முறை. வல்லாரை ஒரு கட்டை நன்றாகக் கழுவி, தண்ணீரை வடியவிட்டு, மெல்லிசாக அரிய வேண்டும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், துருவிய தேங்காய்ப்பூ, உப்பு, கொஞ்சம் மாசித்தூள் சேர்த்துப் பிசைந்து, சாப்பிடப் போகும் நேரத்தில் தேசிக்காய் பிழிய வேண்டும். அடுப்பில் வைக்கத் தேவையில்லை, சூட்டில் விற்றமின் சீ குறைந்துவிடும்.

பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி நல்லது. சிவப்பரிசியை ஒரு பல் உள்ளியும் ஒரு துண்டு இஞ்சியும் போட்டுக் குழைய வேகவிடுங்க. தேங்காய்ப்பால் விட்டு, கடைசியில் வல்லாரையை அரைத்துப் பிழிந்த சாற்றை ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்க. கூடக் கடிக்கக் கித்துள் கருப்பட்டி ஒரு துண்டு கொடுத்தால் பிள்ளை முகம் சுளிக்காது.

சில எச்சரிக்கைகளையும் கேளுங்க. களைக்கு மருந்து அடித்த மலையிலும், அந்தத் தண்ணீர் ஓடிவரும் கானிலும் வல்லாரை பிடுங்கவே கூடாது. கழுவினாலும் மருந்து முழுதாகப் போகாது. கக்கூசுத் தண்ணீர் கலக்கும் இடமும் வேண்டாம். பச்சையாகச் சாப்பிடுகிற இலை என்பதால் வயிற்றோட்டமும் பூச்சியும் வரும். நல்ல இடத்து இலையையும் மண் போக மூன்று நான்கு தண்ணீரில் கழுவுங்க. வல்லாரைத் தூள், குளிசை என்று கடையில் விற்பதை டொக்டரிடம் கேட்காமல் விழுங்க வேண்டாம், கர்ப்பிணிகள் முக்கியமாக. கறிக்குச் சேர்ப்பது வேறு, மருந்தாகக் குடிப்பது வேறு.

அதனால்தான் வீட்டிலேயே வளர்க்கச் சொல்கிறோம். வேரோடு ஒரு கொடித்துண்டு போதும். ஓட்டை வாளியிலோ பழைய அரிசிச் சாக்கிலோ மண்ணும் மாட்டெருவும் கலந்து நட்டு, அரை நிழலில் வைத்து, அரிசி கழுவின தண்ணீரை ஊற்றுங்க. ஈரம் காயாமல் பார்த்தால் தானாகப் படரும். வேரோடு பிடுங்காமல் இலையையும் காம்பையும் மட்டும் நறுக்கினால் திரும்பத் திரும்பத் துளிர்க்கும்.

இரத்தசோகையை வல்லாரை மட்டும் மாற்றிவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். கிளினிக்குக்கு வாங்க, இரத்தம் சோதியுங்க, பூச்சிக் குளிசை எடுங்க. இரும்புக் குளிசையை இரவு படுக்கும் முன் பச்சைத் தண்ணியோடு குடியுங்க. கல்சியக் குளிசையை அதோடு சேர்க்காமல் வேறு நேரத்தில் எடுங்க.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, சட்டியில் மிஞ்சினதைச் சாப்பிடுகிறவர் அம்மாதான். சம்பலும் நெத்தலியும் அவருக்கு மிஞ்சுகிறதா என்று ஒரு நாளாவது எட்டிப் பாருங்க.

தேத்தண்ணியை விட்டுவிடுங்க என்று நாங்கள் சொல்லவில்லை. நம்ம கையால் பறித்த கொழுந்தை நாமே குடிக்காவிட்டால் எப்படி? சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடுங்க, அவ்வளவுதான் கேட்கிறோம்.

வாசலில் வல்லாரைக் கொடி வைத்திருக்கிறோம். போகும்போது வீட்டுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு போங்க. அடுத்த கிளினிக் நாளில் எத்தனை வாளியில் துளிர்த்திருக்கிறது என்று கேட்போம். இப்போது மணி ஆகிவிட்டது. அக்கா, தேத்தண்ணியைக் கொண்டுவரலாம்.