மாணவர் கையிற் பருவச் சீட்டு
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புகையிரதத்திற் போய்வருவோர் 'சீசன் ரிக்கற்' எடுப்பதை நாமெல்லோரும் அறிவோம். ஒரே முறையிற் பணங் கட்டிவிட்டால் நாள்தோறுஞ் சீட்டு வாங்க வேண்டியதில்லை, செலவுங் குறையும். ஐக்கிய அமெரிக்காவிலே பல பல்கலைக்கழகங்கள் தம்முடைய ஹொக்கிப் போட்டிகளுக்கும் இத்தகைய பருவச் சீட்டை மாணவருக்குக் குறைந்த விலையில் வழங்கி வருகின்றன. அங்கே கல்லூரி ஹொக்கி எனப் பெரிதும் போற்றப்படுவது புற்றரையில் ஆடுவதன்று. பனிக்கட்டித் தளத்திலே சறுக்குச் சப்பாத்து அணிந்து, பந்துக்குப் பதிலாகத் தட்டையான இறப்பர் வட்டொன்றை மட்டையால் அடித்து ஆடுவதாகும்.

இச்சீட்டுக்கு விலை குறைத்தது மாணவர்மீது கொண்ட இரக்கத்தால் மட்டுமா? அன்று. கூடிய விலை கொடுக்க வெளியாரும் உளர். ஆனால் அவர்களிற் பலர் அமர்ந்து அமைதியாகப் பார்ப்பர். மண்டபத்தை அதிரச் செய்வோர் மாணவரே. அந்த முழக்கத்தைக் கேட்பதற்காகவே வருகின்ற முதியோரும் உண்டு.

நியூயோர்க் மாநிலத்து இதாக்கா நகரிலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 1957 இல் திறக்கப்பட்ட அதன் லைனா பனித்தளம் 4,000 பேருக்குச் சற்று அதிகமானோரையே கொள்ளும். நெட் ஹார்க்னெஸ் பயிற்றுவித்த அணி 1967 இலும் 1970 இலும் தேசிய வெற்றிக்கிண்ணம் பெற்றது; 1970 இல் ஆடிய 29 போட்டிகளிலும் வென்றது. பருவச் சீட்டுக்காக அங்கே மாணவர் இரவிரவாகப் படுத்திருந்து வரிசை காத்த வழக்கம் பெயர்பெற்றது. முன்பின் அறியாதவர் அவ்வரிசையிலே நண்பராயினர். மூத்த மாணவரிடம் இளையோர் கோஷங்களைப் பயின்றனர். எதிரணியினரின் பெயர்கள் அறிவிக்கப்படும்போது, கேட்க விருப்பமில்லாதவர் போலப் பத்திரிகையை விரித்து வாசிப்பது அவர்களுடைய குறும்பு. ஹார்வார்ட் அணி வந்தால் தளத்தில் மீன் எறிவதும் உண்டு. இதனை நாம் மெச்சோம். ஆட்டந் தடைப்படுவதோடு சொந்த அணியே தண்டம் பெறவுங் கூடும்.

இத்தகைய ஆர்வம் வாடுவதும் உண்டு. மினசோட்டா, விஸ்கொன்சின் அணிகள் நெடுங்காலம் வட டக்கோட்டா முதலிய அயல் அணிகளோடு ஒரே கூட்டமைப்பில் ஆடி வந்தன. 2013 இல் அவை 'பிக் ரென்' என்னும் கூட்டமைப்பின் ஹொக்கிப் பிரிவிற் சேர்ந்தன. பழைய எதிரிகள் ஆண்டுதோறும் வருவது நின்றது. அடுத்து வந்த ஆண்டுகளிற் கூட்டமுங் குறைந்தது. இஃதொன்றே காரணம் என்போமல்லோம். விஸ்கொன்சின் அணி 2014-15 பருவத்தில் 35 போட்டிகளில் நான்கிலேயே வென்றது. ஆயினும் பரம்பரைப் போட்டியைக் கைவிட்டால் அதன் இடத்தை விளம்பரத்தால் நிரப்புதல் அரிது.

பழைமை இல்லாவிடத்து ஆர்வம் பிறவாதோ? பிறக்கும். பென்சில்வேனியா அரசப் பல்கலைக்கழகம் 2012 இலேதான் முதற்பிரிவு ஹொக்கியில் இறங்கியது. ரெறி பெகுலா என்ற பழைய மாணவர் 10 கோடி டொலருக்கு மேல் வழங்க, 2013 இல் அரங்கு எழுந்தது. ஒரு கோலுக்குப் பின்னாலுள்ள செங்குத்தான படிவரிசைகளை மாணவருக்கென்றே ஒதுக்கினார்கள். நல்ல இடத்தை இளைஞருக்குக் கொடுத்த அந்த அரங்கிலே ஆரவாரம் விரைவிற் பிறந்தது.

இனி ஒரு குறை. மலிவாகக் கிடைத்த சீட்டை வாங்கிவைத்துவிட்டு வாராதிருக்கும் மாணவர் உளர். பரீட்சை, கடுங்குளிர், வீட்டிலிருந்தே பார்க்கும் வசதி எனக் காரணங்கள் பல. ஆனால் வெறுமையாய்க் கிடக்கும் அந்த ஆசனம் வர விரும்பிய இன்னொரு மாணவருக்குக் கிடையாமற் போன ஆசனம். அதனாற் சில பல்கலைக்கழகங்கள் வருகையைக் கணக்கிட்டு, ஒழுங்காக வருவோருக்கு முன்னிடம் கொடுக்கின்றன. இது நியாயமான ஏற்பாடு.

பெரியோர்களே, வெறும் ஆசனத்தைக் கண்டவுடன் அதனைக் கூடிய விலைக்கு விற்றுவிடலாமென்று நிருவாகிகளுக்குத் தோன்றுதல் இயல்பு. அவ்வாறு செய்யின் இவ்வாண்டு வருமானங் கூடும். ஆனால் நாளைக்கு முதியவராய் வந்து முழு விலை கொடுக்கவேண்டியவர் இன்று மாணவராய் வெளியே நிற்பர். வாலிப நண்பர்களே, விலையிற் குறைத்துக் கொடுத்த மிச்சத்தை நம்முடைய வருகையாலேயே ஈடுசெய்தல் வேண்டும். தோற்கும் அணிக்கும் அவ்வாசனத்தில் வந்து நிற்பவனே அச்சீட்டுக்கு உரியவன்.