சாக்கடைக்குள் படுத்திருக்கும் குழாய்



தாராவியில் பேதி கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் சயான் மருத்துவமனைக்கு ஓடும்போது, “பல் முளைக்கிறது, அதனால்தான்” என்று அக்கம்பக்கத்தார் தேற்றுகிறார்கள். பல் முளைப்பதால் எந்தக் குழந்தைக்கும் பேதி வருவதில்லை. காரணம் கிருமி. ரோட்டா வைரஸ், ஷிகெல்லா, நச்சு சுரக்கும் ஈ.கோலி, கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி ஆகிய நான்கும் முதன்மையானவை.

இவற்றுள் ரோட்டா வைரஸ் மாதுங்காவின் மாடிவீட்டுக் குழந்தையையும் விடுவதில்லை. தூய நீரால் மட்டும் அதைத் தடுக்க இயலாது. தடுப்பு மருந்து வேண்டும். 2016இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2019இல் நாடெங்கும் இலவசத் திட்டத்தில் அது சேர்க்கப்பட்டது. 6, 10, 14ஆம் வாரங்களில் தரப்படும் சொட்டு மருந்து அது. தவறவிட்ட குழந்தைகள் நமது சந்துகளில் இருந்தால், அவர்களைத் தேடிக் கண்டறிவது கிளைகளின் வேலை.

மற்றக் கிருமிகளுக்குத் தண்ணீரே பெரும்பாதை. பாண்டுப்பில் சுத்திகரிக்கப்பட்டுத் தூயதாகப் புறப்படும் நீர் வழியில் கெடுகிறது. நமது சந்துகளில் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே படுத்திருக்கிறது. தண்ணீர் ஓடும்வரை விரிசலிலிருந்து நீர் வெளியே கசியும். நின்றதும் அழுத்தம் குறைந்து, அதே விரிசல் வழியே சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. மறுநாள் முதலில் நிரம்பும் குடத்தில் வருவது அதுதான். நாளுக்குச் சில மணி நேரமே தண்ணீர் விடும் முறை நீடிக்கும்வரை இது நீடிக்கும்.

மாநகராட்சியின் நெடுங்கால அளவுகோல்படி அடுக்குமாடிவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், குடிசைவாசிக்கு 45. கை கழுவச் சொல்லி அறிவுரை வழங்குவோர் இந்த 45ஐப் பற்றி வாய் திறப்பதில்லை. 2000 ஜனவரி 1க்குப் பின் எழுந்த குடிசைகளுக்கு அதுவும் மறுக்கப்பட்டது. பாணி ஹக் சமிதி தொடுத்த வழக்கில், தண்ணீர் வாழ்வுரிமையின் பகுதி என்று 2014 டிசம்பரில் மும்பை உயர்நீதிமன்றம் கூறியது. அனைவருக்கும் தண்ணீர் என்ற கொள்கையை மாநகராட்சி அறிவிக்க 2022 ஆயிற்று!

கிருமி எதுவாயினும், பெரும்பாலும் குழந்தையைக் கொல்வது உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதே. 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்த போங்காவ் முகாமில் காலரா பரவி, சலைன் தீர்ந்தபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்தார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அதே மருந்துதான் இன்று ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரிலேயே கலக்க வேண்டும்; அரையரையாகப் பிரிக்கலாகாது. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரை 14 நாள். மலத்தில் இரத்தம், குழிந்த கண், குடிக்க இயலாத சோர்வு கண்டால் உடனே மருத்துவமனை. சர்க்கரைப் பானங்களை ‘ஓஆர்எஸ்’ என்று பெயரிட்டு விற்றுக் கொழுத்தவர்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டதே 2025 அக்டோபரில்தான்.

இப்போது, செம்பூரை அடுத்த தேவனார் குப்பைக் கிடங்கின் நிலம் தாராவி மறுவளர்ச்சித் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. குப்பைமேட்டுக்கு அனுப்பப்படுவோருக்குக் குழாய் எந்த வழியாக வரும் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். அதுவரை, எந்தச் சந்தில் எந்த நாளில் முதல் குடம் நாறுகிறது என்று கிளைதோறும் குறிப்பேடு வைத்து, மாதந்தோறும் ஜி வடக்கு வார்டு அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்க வேண்டும்.