பழகிய பூட்டு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பத்து நிமிடம் பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, பொருள் யாது என்றும் வினவினார். "பூட்டு" என்றோம். மனப்பூட்டு, அறிவுப்பூட்டு என்று ஏதோ தத்துவம் வரப்போகிறது என எண்ணி அவர் பெரிதும் மகிழ்ந்தார். அவ்வாறன்று, எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய அம்பாசிடர் வண்டியின் கதவுப் பூட்டு என்று விளக்கியதும் அவர் முகம் சற்றே வாடிற்று. ஆயினும் அந்தப் பூட்டு எங்களுக்குக் கற்பித்த பாடத்தை எந்தத் தத்துவ நூலும் கற்பிக்கவில்லை. ஆதலால் அதனையே இங்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அவ்வண்டியை இக்காலனியில் அறியாதார் இலர். 1961ஆம் ஆண்டில் எங்கள் தந்தையார் கும்பகோணத்தை விட்டுப் பிலாய் உருக்காலைக்கு வேலைக்கு வந்தார். முதல் ஊதுலை எரியத் தொடங்கி அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. இருபது ஆண்டுகள் சைக்கிளில் சென்றவர், 1981இல் ஒரு வண்டி வாங்கினார். அது 1972ஆம் ஆண்டைச் சேர்ந்த மார்க் 2 அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு வங்காளத்தின் உத்தர்பாராவில் உருவானது அவ்வினம். 2014 மே மாதத்தில் அந்த ஆலையில் உற்பத்தி நின்றுவிட்டது. எங்கள் வாசலில் வண்டி நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி அதன் பூட்டைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். சாவித்துளைக்குள் ஓர் உலோக உருளை உண்டு. அதனுள் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். உரிய சாவியின் பற்கள் அத்தகடுகளைச் சமநிலைக்குக் கொணர்ந்தால்தான் உருளை திரும்பும். உருளையின் வால் ஒரு கம்பியைத் தள்ள, அக்கம்பி கதவின் விளிம்பிலுள்ள கவ்வியை விடுவிக்கும். இவ்வளவே அதன் இரகசியம். ஆண்டுகள் செல்லச் செல்லச் சாவியின் பற்கள் தேயும்; தகடுகளும் தேயும்; கீல்கள் தளர்ந்து கதவு தன் பாரத்தால் ஒரு நூலளவு கீழிறங்கும். அப்போது கவ்வி தூணிலுள்ள கொண்டியை இறுகப் பற்றிக்கொள்ளும். சாவி திரும்பினாலும் கதவு திறவாது.

எங்கள் கதவும் அந்நிலையை எய்திப் பல்லாண்டுகள் ஆயின. ஆனால் அதற்கொரு வித்தை இருந்தது. இடக்கையால் கைப்பிடியை மேலே தூக்குக. முழங்காலால் கதவை உள்நோக்கி அழுத்துக. சாவியை முழுதும் செருகாமல் ஒரு மயிரிழை வெளியே இழுத்துத் திருப்புக. உடனே திறக்கும். இவ்வித்தையை எங்கள் வீட்டில் அனைவரும் அறிவோம். புதிய மருமகன் அதைக் கற்றுக்கொண்ட நாளன்றுதான் அவர் எங்கள் குடும்பத்தில் சேர்ந்தார் என்று நகைப்பதும் உண்டு. பழுது என்று எவரும் அதனைக் கருதவில்லை. பெருமை என்றே கருதினோம்.

1996ஆம் ஆண்டில் டோங்கர்கட் மலைக்கோவிலுக்குச் சென்றபோது, சாவியை உள்ளே வைத்துக் கதவை அடைத்துவிட்டோம். கல்லெடுத்தவர் ஒருவரைத் தந்தையார் தடுத்தார். "பூட்டுக்குக் கோபம் தெரியாது; பொறுமைதான் தெரியும்" என்றார். முன்கதவின் முக்கோணச் சிறு கண்ணாடியின் ரப்பர் ஓரத்தில் மெல்லிய எஃகு அளவுகோலைத் துணி சுற்றி நுழைத்தார். உள்ளிருக்கும் கொக்கியை ஒன்றரை மணி நேரம் தட்டித் தட்டித் தள்ளினார். இறுதியில் அது திறந்தது. வண்டியில் ஒரு கீறலும் இல்லை. வீடு திரும்பியதும், திருடனும் அவ்வழியே வரக்கூடுமென்று, அக்கொக்கியை இறுக்கமானதாக மாற்றினார். பூட்டை மட்டும் மாற்றவில்லை. அதுதான் வித்தைக்கு இணங்குகிறதே!

2023 மே மாதம். கோடை விடுமுறைக்குப் புனேயிலிருந்து எங்கள் ஐந்து வயதுப் பேத்தி வந்திருந்தாள். பிலாய் வெயிலை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டுவதில்லை. முற்பகல் பதினொரு மணி. இருக்கைகளுக்குக் காற்றுப்பட வேண்டுமென்று பின்கதவு ஒன்று மட்டும் திறந்து வைக்கப்பட்டிருந்தது. குழந்தை தன் பொம்மையுடன் அதன்வழி உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கொள்ளுத்தாத்தா செய்வதைப் பார்த்திருந்தவாறே உட்புறக் கைப்பிடியை முன்னே தள்ளினாள். கதவு பூட்டிக்கொண்டது.

மற்ற கதவுகள் முன்னரே பூட்டியிருந்தன. கண்ணாடிகள் நான்கும் ஏற்றியிருந்தன. அவள் அழும் குரல் கேட்டு ஓடினோம். தந்தையார் சாவியைச் செருகிக் கைப்பிடியைத் தூக்கி, முழங்காலால் அழுத்தித் திருப்பினார். சாவி எவ்விதத் தடையுமின்றிச் சுற்றிற்று. உள்ளே கம்பியின் பிடி அன்றைக்கென்று கழன்றுவிட்டது. நாற்பதாண்டு வித்தை ஒரு நொடியில் பொய்த்தது.

உட்கைப்பிடியைப் பின்னுக்கு இழுக்குமாறு குழந்தைக்குச் சைகை காட்டினோம். அவள் கைக்கு அது அசையவில்லை. கண்ணாடியை இறக்கச் சொல்லி வெளியே கையைச் சுழற்றிக் காட்டினோம். பொத்தானை அழுத்தினால் கண்ணாடி இறங்கும் வண்டிகளையே அவள் கண்டிருக்கிறாள்; சுழற்றும் கைப்பிடியை அறியாள். ஆதலால் அழுதுகொண்டே அவளும் எங்களைப் பார்த்துத் தன் கையைக் காற்றில் சுழற்றிக் காட்டினாள். அக்காட்சியை எங்களால் மறக்க இயலவில்லை.

தந்தையார் எஃகு அளவுகோலைக் கொண்டுவரச் சொன்னார். அவரே இறுக்கிய கொக்கி அவருக்கே இணங்க மறுத்தது. நிமிடங்கள் சென்றன. குழந்தையின் முகம் சிவந்து, தலைமயிர் வியர்வையில் நனைந்து நெற்றியில் ஒட்டிற்று. எங்கள் தாயார் ஒன்றும் பேசாமல் சமையலறைக்குச் சென்று, ஊரிலிருந்து கொண்டுவந்த அம்மிக் குழவியைத் தூக்கி வந்தார். "வண்டியைப் பார்த்தது போதும், குழந்தையைப் பாருங்கள்" என்று மட்டும் கூறினார்.

வண்டியின்மீது ஒரு கீறல் விழுந்தால் ஒரு வேளை உண்ணாதவர் எங்கள் தந்தையார். எண்பத்து நான்கு வயதில் அக்குழவியை வாங்கி, குழந்தைக்குத் தொலைவாயிருந்த பின்கண்ணாடியின் நடுவில் ஓங்கி அடித்தார். உடையவில்லை. இரண்டாம் முறை கீழ்மூலையில் அடித்தார். கண்ணாடி முழுவதும் கற்கண்டுத் துண்டுகளாய் உதிர்ந்தது. அடுத்த வீட்டு ஒடிய நண்பர் கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்தார். குழந்தையை நிழலில் கிடத்தி, ஈரத்துணியால் உடல் துடைத்து, விசிறி, சிறிது சிறிதாக நீர் கொடுத்தோம். பின்பு மருத்துவரிடம் காட்டினோம். நலமே என்றார். எல்லாம் பத்து நிமிடத்திற்குள் நடந்தவை.

பத்து நிமிடந்தானே என்று எண்ணற்க. வெயில் கண்ணாடி வழியே உள்ளே நுழையும். இருக்கை அதனை உண்டு வெப்பமாய்க் கக்கும். அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் தங்கும். முதல் அரை மணியிலேயே உள்வெப்பம் பெரும்பகுதி ஏறிவிடும். கண்ணாடியை விரற்கடை அளவு இறக்கி வைப்பதால் பெரும்பயன் இல்லை. சிற்றுடல் பேருடலினும் மிக விரைவாகச் சூடேறும். ஆதலால் உள்ளே உயிர் இருப்பின் வித்தை வேண்டா; பொறுமையும் வேண்டா. உயிருக்குத் தொலைவான பக்கக் கண்ணாடியின் மூலையில், கிடைத்தால் கூரான பொருளால், அடித்துவிடுக. உள்ளே வெறும் சாவி இருப்பின், டோங்கர்கட் பொறுமை நன்று. எதை எப்போது கொள்வது என்று அறிவதே அறிவு.

மறுநாள் சுபேலா சந்தையிலிருந்து ஒரு முதிய மெக்கானிக் வந்தார். கதவின் உட்பலகையைக் கழற்றி, சுண்டுவிரல் நகமளவுள்ள ஒரு கிளிப்பை எடுத்துக் காட்டினார். தேய்ந்து அறுந்திருந்தது. கீல்களைச் சீர்செய்தார், உருளையை மாற்றினார், பூட்டுத்துளையில் எண்ணெய் விட்டால் தூசு சேரும், கிராபைட் தூளே தகும் என்றார். உட்கைப்பிடிகளுக்கு மசகிட்டு, ஒரு குழந்தையின் கைக்கும் அசையுமாறு ஆக்கினார். அரை நாள் வேலை. அந்த அரை நாளை நாற்பதாண்டுகளாக நாங்கள் ஒதுக்கவில்லை.

ஏன் ஒதுக்கவில்லை? பழகிவிட்டோம். பழகிய பழுது கண்ணுக்குத் தெரிவதில்லை. புதிதாய் வருபவருக்கே அது பழுது. குழந்தைக்கும், விருந்தினருக்கும், முதுமையில் மறதியுற்றவருக்கும் நம் வித்தை தெரியாது. நம் குவார்ட்டர்ஸ்களில் மழைக்காலத்தில் இறுகும் குளியலறைத் தாழ்ப்பாள் இல்லையா? தொட்டால் சுரீரென்னும் சுவிட்சு இல்லையா? இரண்டு முறை திருகினால்தான் அணையும் அடுப்பு இல்லையா? வந்தவரிடம், "அது அப்படித்தான், சற்றுத் தூக்கித் திறக்க வேண்டும்" என்று நாம் எப்போது கூறுகின்றோமோ, அப்போதே அதைச் செப்பனிடும் நாள் வந்துவிட்டது என்று கொள்க. இவ்விழா முடிந்து இல்லம் சென்றதும் ஒவ்வொருவரும் அத்தகைய ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டுகின்றோம்.

உடைந்த கண்ணாடிக்கு ராய்ப்பூரில் பழைய வண்டி ஒன்றிலிருந்து மாற்று கிடைத்தது. அதன் நிறம் மற்றவற்றோடு பொருந்தவில்லை, சற்றே பச்சை. பொருத்தமானது ஒன்று தேடித் தருவதாகப் பலர் கூறியும் தந்தையார் இசையவில்லை. "இருக்கட்டும், பார்க்குந்தோறும் நினைவு வரும்" என்கிறார்.

இவ்வாண்டும் பேத்தி வந்திருந்தாள். வண்டியில் ஏறியதும் முதல் வேலையாகக் கண்ணாடியைச் சுழற்றி இறக்கினாள். பிறகே பொம்மையை அமர்த்தினாள். அவள் கற்றுக்கொண்டாள். நாங்களும் கற்றுக்கொண்டோம்.