மருந்தை மாற்றுபவர் யார்?
(புதுதில்லி சாணக்யபுரியில் ஆற்றிய உரையின் வடிவம்)

காளாஞ்சகப்படை என்று சித்த மருத்துவம் குறிப்பிடும் சொரியாசிஸ் தொற்றுநோய் அன்று. உடலின் எதிர்ப்பாற்றல் நெறி பிறழ்வதால் தோல் செதிலாக உதிரும் நீடித்த நோய். 2014-இல் உலக சுகாதாரப் பேரவை இதற்கெனத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. களிம்பும் மெத்தோட்ரெக்சேட்டும் பயனளிக்காத கடும் நிலையில் உயிரியல் மருந்துகள் தேவைப்படுகின்றன. உயிரணுக்களில் வளர்த்தெடுக்கப்படும் புரதங்களாகிய இவை விலை மிகுந்தவை.

மருந்து மாற்றம் இச்சிகிச்சையில் புதிதன்று. நன்கு வேலை செய்த ஊசிக்கு எதிராக உடலே எதிர்ப்பொருளை உண்டாக்க, நாளடைவில் அதன் பயன் குன்றலாம். அப்போது டி.என்.எஃப். என்னும் பொருளைத் தடுக்கும் அடலிமுமாபிலிருந்து, இன்டர்லூகின்-17-ஐத் தடுக்கும் செக்குகினுமாபுக்கு மருத்துவர் மாற்றக்கூடும். டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள் உடலில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும் என்பதும் நம் நாட்டில் மறக்கத்தக்கதன்று.

இவை மருத்துவக் காரணங்கள். பொருளாதாரக் காரணம் வேறு. ஹவானா ஆய்வு மையத்தில் தோன்றிய இட்டோலிசுமாபை 2013-இல் பெங்களூரின் பயோகான் இங்கு அறிமுகப்படுத்தியது. ஒத்த உயிரியல் மருந்துகளுக்கான நெறிமுறைகளை மத்திய அரசு 2012-இல் வெளியிட்டிருந்தது. 2014 இறுதியில் அகமதாபாத்தின் சைடஸ் காடிலா, உலகின் முதல் ஒத்த அடலிமுமாபை, அமெரிக்க விலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் கொணர்ந்தது. ஆயினும் மாதச் சம்பளக்காரருக்கு அதுவும் எளிதன்று. பணமில்லாதபோது ஊசியை நிறுத்துவதும், சேர்ந்ததும் தொடங்குவதும் நேர்கின்றன. விட்டுவிட்டுப் போடும்போதோ எதிர்ப்பொருள் உண்டாகும் வாய்ப்புப் பெருகுகிறது. சிக்கனம் கருதி நிறுத்தியவர், பின்னர் அதனினும் விலை கூடிய மருந்தை நாட நேரிடலாம்.

இதே சாணக்யபுரியின் சாந்தி பாதையில் தூதரகம் கொண்டுள்ள நார்வே கையாண்ட முறை கருதத்தக்கது. ஒப்பந்தப்புள்ளி வழியே மருந்து வாங்கும் அந்நாடு, மலிவான ஒத்த இன்ஃப்ளிக்சிமாபுக்கு மாறுவதால் கேடு விளையுமா என்பதை அரசுச் செலவிலேயே ஆராய்ந்தது. 482 பேர், 52 வாரங்கள். முடிவு 2017-இல் வெளிவந்தது. மாறியவர் நிலை, முன்னரே வகுத்த வரம்பைக் கடந்து மோசமாகவில்லை. அவர்களுள் சொரியாசிஸ் நோயாளிகள் 35 பேரே என்பதால், தோல் நோய்க்கு அம்முடிவை அளவோடுதான் கொள்ள வேண்டும்.

ஒப்பந்தப்புள்ளி மாறினால் நோயாளியின் ஊசியும் மாறக்கூடும். பதிவேட்டில் பொதுப்பெயர் மட்டும் இருப்பின், எந்த நிறுவனத்தின் மருந்துக்குப் பின் நோய் முற்றியது என்பதைப் பின்னர் எவராலும் கண்டறிய இயலாது. கொள்முதல் அலுவலர் தம்மை அறியாமலே சிகிச்சை முடிவு ஒன்றை எடுத்துவிடுகிறார். வணிகப்பெயரையும் தொகுதி எண்ணையும் குறிக்க நோயாளியின் அட்டையில் ஒரு வரி போதும். அதற்குத் தனி நிதி ஒதுக்கீடு ஏதும் வேண்டியதில்லை.