முடி உதிரும் என்று சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள்

(மகளிர் கூட்டத்தில் நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு சார்பில் ஆற்றிய உரை)



புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் பெண்கள் முதலில் கேட்பது, "முடி கொட்டிவிடுமா?" என்றுதான். நோயாளிகளுக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போகும்போது இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். இந்தப் பயத்தாலேயே சிலர், "பெருநாள் போகட்டும், மகள் நிக்காஹ் முடியட்டும்" என்று கீமோவைத் தள்ளிப் போடுகிறார்கள். செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. பற்றாக்குறைக்கு ஜமாஅத் கைகொடுக்கும். தள்ளிப் போட்ட நாட்களை யாராலும் திருப்பித் தர முடியாது.

"முக்காடு போடுகிற நமக்கு என்ன கவலை?" என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் நம் பெண்கள் முக்காட்டை இறக்குவது எங்கே? கணவர் முன், பிள்ளைகள் முன், கல்யாண வீட்டில் பெண்கள் பகுதியில். வேதனையும் அங்கேதான். அதோடு புருவமும் இமை முடியும்கூட உதிரலாம். அதை முக்காடு மறைக்காது. "இதற்குப் போய் அழுகிறாயே" என்று யாரும் சொல்ல வேண்டாம். அழுவது ஈமான் குறைவும் ஆகாது.

ஏன் உதிர்கிறது? வேகமாகப் பெருகும் செல்களைக் கீமோ மருந்து தாக்குகிறது. புற்றுநோய் செல்லும் அப்படிப்பட்டது, முடியின் வேரும் அப்படிப்பட்டது. எல்லா மருந்துக்கும் முடி உதிராது, "எனக்குத் தரும் மருந்துக்கு உதிருமா?" என்று முதல் நாளே டாக்டரிடம் கேளுங்கள். உதிர்வதாக இருந்தால், பெரும்பாலும் முதல் ஊசி போட்ட 2 அல்லது 3 வாரத்தில் தொடங்கும். தலையணையிலும் சீப்பிலும் கொத்துக் கொத்தாக வரும். எந்த எண்ணெய் தேய்த்தாலும் அது நிற்காது. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலானவர்களுக்கு முடி மீண்டும் முளைக்கிறது. முதலில் சுருட்டையாகவோ வேறு நிறமாகவோ வரலாம், பயப்பட வேண்டாம்.

செய்ய வேண்டியது என்ன? நீளமான முடியை முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொண்டால், உதிரும்போது அதிர்ச்சி குறையும். முழுவதும் எடுப்பதென்றால் சவரக்கத்தி வேண்டாம், டிரிம்மர் போதும். கீமோ நாட்களில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும். சிறு கீறல்கூட சீழ் பிடிக்கலாம். மென்மையான ஷாம்பு போதும். சாயம், சூடான காற்று வேண்டாம். வழுக்கும் பாலியஸ்டர் துணியைவிடப் பருத்தி முக்காடு தலையில் நிற்கும், அரிக்காது. வெயிலில் வெறும் தலையோடு நிற்காதீர்கள்.

மார்க்க விஷயத்திலும் கேள்விகள் வருகின்றன. உளூவில் மஸ்ஹு செய்ய முடி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நனைந்த கையால் தலைத் தோலைத் தடவினால் நிறைவேறும். விக் வைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டுத் தடவ வேண்டும். விக் வைக்கலாமா என்பதில் மனித முடிக்கும் செயற்கை இழைக்கும் ஆலிம்கள் வெவ்வேறு சட்டம் சொல்கிறார்கள். நோயால் முடி இழந்த நிலையைச் சொல்லி, உங்கள் மத்ஹபை அறிந்த ஆலிமிடம் கேளுங்கள். நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் நம் குழுப் பெண்களிடம் சொல்லுங்கள். பெயர் சொல்லாமல் கேட்டுவந்து தருகிறோம்.

வீட்டு ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மனைவி கண்ணாடியைத் தவிர்க்கிறாள் என்றால் நீங்கள் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். பிள்ளைகளிடம், "மருந்தால் உம்மாவின் முடி கொட்டும், பிறகு வளரும்" என்று முன்பே சொல்லிவையுங்கள். தெரியாமல் பார்க்கும் பிள்ளைதான் பயந்துபோகும்.

நலம் விசாரிக்கப் போவது சுன்னத். ஆனால் முக்காட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும், "அய்யோ, எவ்வளவு அழகான முடி" என்று உச்சுக் கொட்டுவதும், இதே நோயில் மவுத்தானவர்களின் கதையைச் சொல்வதும் நலம் விசாரிப்பில் சேராது. கொஞ்ச நேரம் இருங்கள். கஞ்சி வைத்துக் கொடுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வாருங்கள். துஆச் செய்துவிட்டு எழுந்து வாருங்கள்.

சகோதரிகளே, முடி அல்லாஹ் தந்த அழகு. உயிர் அவன் நம்மிடம் தந்த அமானிதம். அந்த அமானிதத்தைக் காக்கச் சில மாதம் முடியை இழப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. குறித்த தேதியில் கீமோவுக்குப் போங்கள். தனியாகப் போக வேண்டியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்; கூட வருகிறோம்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.